010ன்னா பத்தா எட்டா? கோ-வோட பார்ஸ்ஐபி பஞ்சாயத்து

லெட்ஜர்_லோகு:
நேத்து இன்னொரு இழைல, எழுத்துல இருக்கிற ஐபி அட்ரஸ படிக்கிற கோ மொழியோட பார்ஸ்ஐபி ஃபங்ஷனப் பத்தி ஒருத்தர் எழுதியிருந்தத படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. "கோ 1.17ல நெட்.பார்ஸ்ஐபி முன்னாடி பூஜ்யம் வந்தா தள்ளிடுது, ரொம்ப சரி, ஐபில பூஜ்யம் வெச்சு எழுதுறவனுக்கு நெட்வொர்க்கிங்கே தெரியாது"ன்னு. யாரு சார் நீங்க? எங்க ஆபீஸ்ல பிரிண்டர், கேமரா, பஞ்ச் மெஷின் எல்லாத்தோட ஐபியும் ஒரே எக்செல்ல இருக்கு, 010.001.020.005ன்னு மூணு மூணு இலக்கமா. அப்படி எழுதுனாதான் சார்ட் பண்ணும்போது வரிசையா நிக்கும், இல்லேன்னா 10.1.20.100 வந்து 10.1.20.5க்கு முன்னாடி குந்திக்கும். 1.16 வரைக்கும் அத 10.1.20.5ன்னு ஒழுங்கா படிச்சுது, 1.17 போட்டதும் மொத்தமும் நில், அதாவது காலி. எரர் கூட கிடையாது, வெறும் நில். கோ 1க்கு எழுதுனது உடையாதுன்னு 2012ல வாக்கு குடுத்தாங்களே, அது என்னாச்சு? 010ன்னா பத்து. ஒண்ணாங்கிளாஸ் பையனுக்கும் பத்துதான்.

பழைய_சாக்கெட்:
அந்த ஒருத்தர் நாந்தான், பேர் சொல்லியே திட்டலாம், கோவிச்சுக்க மாட்டேன். 010ன்னா எட்டு. முன்னாடி பூஜ்யம் வந்தா அது எட்டடிமான (ஆக்டல்) எண், 1983ல 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் வந்ததுலேர்ந்து எட்டு. லினக்ஸ் பெட்டில பிங் 010.0.0.1ன்னு அடிங்க, பக்கத்துல 8.0.0.1ன்னு வரும், பாத்துட்டு வந்து பேசுங்க. அதவிட கூத்து, கோ-லயே ஒரு வேரியபிள்ல 010ன்னு போட்டு பிரிண்ட் பண்ணுங்க, எட்டு வரும். மொழிக்கே எட்டு, அதோட நெட் லைப்ரரிக்கு மட்டும் இத்தன வருஷம் பத்தா இருந்துச்சு. அந்த தப்ப நம்பி ஒரு கம்பெனியோட கணக்கையே எக்செல்ல கட்டி வெச்சிட்டு இப்ப மொழிய குறை சொல்றீங்க.

சைபர்முனி:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. கோ எட்டுன்னும் சொல்லல பத்துன்னும் சொல்லல, "இத நான் படிக்க மாட்டேன்"னு சொல்லுது, அவ்ளோதான். காரணம் இருக்கு. 0177.0.0.1ன்னு ஒருத்தன் அனுப்புறான்னு வைங்க. பழைய கோ அத 177.0.0.1ன்னு படிச்சு, வெளி அட்ரஸ்தான் போகட்டும்னு விட்டுடும். அதே ஸ்ட்ரிங்க அப்படியே சி-ல எழுதுன இன்னொரு ப்ரோக்ராம்கிட்ட குடுத்தா அது 127.0.0.1க்கு போய் நிக்கும், அதாவது உங்க சர்வருக்குள்ளயே. சிவிஇ-2021-29923ன்னு பாதுகாப்பு ஓட்டை நம்பர் இதுக்குத்தான் போட்டாங்க. அந்த வாக்குறுதிலயே பாதுகாப்பு பிரச்சனைன்னா உடைப்போம்னு விதிவிலக்கு எழுதியிருக்கு, யாரும் அதுவரைக்கும் படிக்கிறதில்ல. அந்த வருஷம் பைத்தான் ஐபிஅட்ரஸ் மாட்யூலும் இதே குழில விழுந்து 3.9.5லதான் எந்திரிச்சுது.

லெட்ஜர்_லோகு:
எங்க பிரிண்டருக்கு யாரு சார் அட்டாக் அனுப்பப் போறா? கோவே இத்தன வருஷம் பத்துன்னுதானே படிச்சுது, அப்ப பத்துதானே.

பழைய_சாக்கெட்:
எட்டு.

துரு_தம்பி:
ரஸ்ட் மொழில 1.53லயே சரி பண்ணியாச்சு ப்ரோ. அதுவும் கிடைச்சுதா இல்லையான்னு தெளிவா சொல்ற ஆப்ஷன், ரிசல்ட்னு டைப் வரும், நில் தொல்லையே இல்ல 😎

பழைய_சாக்கெட்:
வந்துட்டாரு. யாரு எதப் பத்தி பேசுனாலும் ரஸ்ட்ல இருக்குன்னு சொல்றதுக்குன்னே ஒரு ஆள். தம்பி, உங்க ரஸ்ட்டும் அதுக்கு முன்னாடி பத்துன்னுதான் படிச்சுது, அதே 2021ல அதே மாதிரி சிவிஇ வாங்குனீங்க, நம்பர் கூட பக்கத்து நம்பர், 29922. போன மாசம் சாக்கெட் டைம்அவுட் இழைல நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல, ஞாபகம் இருக்கா?

துரு_தம்பி:
அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்ணே

கோ_கிறுக்கன்:
இன்னும் பார்ஸ்ஐபி குடுக்குற நெட்.ஐபி டைப்ப வெச்சு குப்ப கொட்டிக்கிட்டு இருக்கீங்களா எல்லாரும். 1.18லேர்ந்து நெட்/நெட்ஐபின்னு புது பேக்கேஜ் இருக்கு. பழசு வெறும் பைட் ஸ்லைஸ், மேப்புக்கு கீயா போட முடியாது, == போட்டு ஒப்பிட முடியாது, 10.0.0.1ன்னு குடுத்தா லென் 16ன்னு சொல்லும். புதுசுல இதெல்லாம் கிடையாது. அதுலயும் பூஜ்யம் வெச்சா எரர்தான், ஆனா எரர்னு வாயத் தொறந்து சொல்லும்.

சைபர்முனி:
அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. ::எஃப்எஃப்எஃப்எஃப்:10.0.0.1ம் (ஐபிவி6 வடிவத்துல எழுதுன ஐபிவி4) வெறும் 10.0.0.1ம் அதுல வேற வேற அட்ரஸ். அன்மேப் கூப்பிட்டு ஐபிவி4 வடிவத்துக்கு மாத்தாம ஒப்பிட்டா பொய்னு வரும். பழசுல ஈக்வல் போட்டா ரெண்டும் ஒண்ணுதான்.

கோ_கிறுக்கன்:
ரெண்டும் வேற வேறதான சார், வேறன்னு சொல்றது தப்பா?

சைபர்முனி:
தப்புன்னு நான் எங்க சொன்னேன்?

லெட்ஜர்_லோகு:
விஷயத்த ஐபிவி6 பக்கம் திருப்பாதீங்க. கேள்வி ஒண்ணுதான், 010 பத்தா இல்லையா. கன்டெய்னர்கள நிர்வகிக்கிற குபர்நெட்டீஸ்காரங்க என்ன பண்ணாங்க தெரியுமா? பழைய பார்சர அப்படியே காப்பி எடுத்து பார்ஸ்ஐபிஸ்லாப்பின்னு பேர் வெச்சு உள்ள வெச்சிக்கிட்டாங்க, பழைய கிளஸ்டர்ல பூஜ்யத்தோட சேவ் ஆன அட்ரஸ் உடையக் கூடாதுன்னு. அவ்ளோ பெரிய ப்ராஜெக்ட்டே பத்துன்னு எடுத்துக்கிட்டு போகுது, இங்க ஒருத்தர் 1983லயே உக்காந்திருக்காரு.

பழைய_சாக்கெட்:
ஸ்லாப்பி, அதாவது அசட்டையானதுன்னு பேர் வெச்சிருக்காங்கல்ல, அதுலயே தெரியல அவங்க என்ன நெனைக்கிறாங்கன்னு? அப்புறம் 1983ன்னு நக்கல் பண்றவருக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், அந்த 1983 கோடு இன்னிக்கும் உங்க லினக்ஸ்ல ஓடுது, பிங் 127.1ன்னு அடிச்சா 127.0.0.1க்கு போகுதே அதுவும் அதே வம்சம்தான், பிரவுசர்ல 0177.0.0.1ன்னு அடிச்சாலும் உள்ளூருக்குத்தான் போகும், அப்ப உலகம் பூரா எட்டுன்னு படிக்குது, உங்க எக்செல் ஷீட் மட்டும் பத்துன்னு படிக்குது. எட்டு எட்டு எட்டு.

சைபர்முனி:
சி-ல ஐபி படிக்கிற இனெட்_பிடான் ஃபங்ஷன் அத எட்டுன்னும் படிக்காது. லினக்ஸோட சி லைப்ரரி ஜிலிப்சில தள்ளிடும். 2005ல வந்த ஆர்எஃப்சி 3986ன்ற இணைய விதி ஆவணத்தோட இலக்கணத்துலயும் முன்னாடி பூஜ்யத்துக்கு இடமே இல்ல. நான் சொல்றத யாராவது படிக்கிறீங்களா?

பழைய_சாக்கெட்:
அது யூஆர்ஐக்கு, அதாவது வெப் அட்ரஸ் மாதிரி விஷயத்துக்கு எழுதுன ஆர்எஃப்சி. ஐபிக்கு 791. அதுல எங்கயாவது 010ன்னா பத்துன்னு போட்டிருந்தா காட்டுங்க, நான் இந்தப் பக்கமே வரல.

லெட்ஜர்_லோகு:
எட்டுன்னு போட்டிருக்கா? அத நீங்க காட்டுங்க.

துரு_தம்பி:
791ல எழுத்துல எப்படி எழுதணும்னே எதுவும் இல்லண்ணே

பழைய_சாக்கெட்:
உன்ன யாரு கேட்டா?

லெட்ஜர்_லோகு:
உங்ககூட பேசுறதுக்கு நானே கோடு எழுதிக்கிறேன். புள்ளில ஸ்ப்ளிட் பண்ணி ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்ட்ரிங்ஸ்.ட்ரிம்லெஃப்ட் போட்டு பூஜ்யத்த வெட்டிட்டு திரும்ப ஜாயின், முடிஞ்சுது, நாலு வரி. 010 பத்தாயிடுச்சு பாருங்க.

சைபர்முனி:
000ன்னு ஒரு துண்டு வந்தா அதுல ஒண்ணுமே மிஞ்சாது. 010.000.000.001ம் நில் ஆகும். ட்ரிம் வேணாம், ஏடாய் போட்டு நம்பராக்கி திரும்ப எழுதுங்க.

லெட்ஜர்_லோகு:
எங்க ஷீட்ல 000 இல்ல.

பழைய_சாக்கெட்:
கேட்வே 010.001.000.001ன்னு ஒரு வரி கூடவா இல்ல? போட்டுட்டு வாங்க, நாளைக்கு இதே இழைலதான் இருப்பேன். ஏடாயும் பத்துன்னுதான் குடுக்கும், அதுவும் தப்புதான். பார்ஸ்இன்ட்ல பேஸ் 0, அதாவது முன்னாடி இருக்கிறத பாத்தே அடிமானத்த முடிவு பண்ணுன்னு குடுத்து பாருங்க, எட்டு வரும்.