பாரிஸ் ஒப்பந்தம் இருந்தும் ஏன் புகை குறையவில்லை?

கேள்வி:
2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது எங்கள் காலபோக நெல் தண்ணீருக்குள் நின்றே அழுகியது. புவியைச் சூடாக்கும் புகையைக் குறைக்க நாடுகள் செய்த பாரிஸ் ஒப்பந்தம் 2015இலேயே வந்துவிட்டதே, பிறகென்ன?

மறுமொழி 1:
அண்ணை, எவ்வளவு குறைப்பது என்று ஒவ்வொரு நாடும் தானே எழுதிக் கொடுக்கிறது, செய்யாவிட்டால் தண்டம் கிடையாது. இதற்கு முன் வந்த கியோட்டோ ஒப்பந்தத்தில் கட்டாய இலக்கு இருந்தது, ஆனால் அமெரிக்கா அதை உறுதிப்படுத்தவே இல்லை, கனடா 2011இல் விலகுவதாக அறிவித்துவிட்டது. கட்டாயம் என்றாலே ஓடுகிறார்கள்.

மறுமொழி 2:
காசுக் கதையும் அதுதான். 2020க்குள் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 100 பில்லியன் டொலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009இல் கோப்பன்ஹேகன் காலநிலை மாநாட்டில் சொன்னது 2022இல்தான் எட்டியது, அதிலும் பெரும்பகுதி கடன். ஏற்கெனவே கடனில் கிடக்கும் நாட்டுக்கு இது என்ன உதவி?

கேள்வி கேட்டவர்:
சரி, வெள்ளம் போன்ற காலநிலை அழிவுக்கு உதவ இழப்பு நிதி என்றார்களே?

மறுமொழி 2:
2022இல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில் உடன்பட்டார்கள். யார் எவ்வளவு போடவேண்டும் என்பதில் அங்கேயும் கட்டாயம் இல்லை, அண்ணை.