டூர் போனா நட்பு உடையுமா, பாட்டு பிறக்குமா?

வைத்திக்குப்பம் கிட்டார்: புதுச்சேரியில எங்க ராக் பேண்டு உடையுற நிலைமையில இருக்கு. பெங்களூரு, கொச்சின்னு ஒரே வேன்ல அலைஞ்சு, டிரம்மரும் நானும் முகம் கொடுத்துப் பேசுறதில்ல. ஆனா எங்க நல்ல பாட்டெல்லாம் இப்பதான் வந்திருக்கு. மனஸ்தாபம் இல்லாம பாட்டு இல்லங்கறதுதான் என் கட்சி. ஃப்ளீட்வுட் மேக்ங்கற ராக் குழுவுல ரெண்டு ஜோடி பிரிஞ்சுக்கிட்டிருந்தப்ப பதிவானதுதான் 1977-ல வந்த ‘ரூமர்ஸ்’ ஆல்பம். அதுல ஒரு ஜோடி கிட்டாரிஸ்ட் பக்கிங்காமும் பாடகி ஸ்டீவி நிக்ஸும். நிக்ஸைப் பத்தி அவர் கோபமா எழுதின பாட்டுக்கு நிக்ஸே கூடப் பாடியிருக்காங்க.

தேவனாம்பட்டினத்தான்: ஒத்துக்க மாட்டேன். பீட்டில்ஸ் 1966 ஆகஸ்ட்ல டூரையே நிறுத்திட்டாங்க. கூட்டம் போட்ட கூச்சல்ல அவங்க வாசிக்கிறது அவங்களுக்கே கேக்கல. ஸ்டூடியோவுல நிதானமா உக்காந்தப்புறம்தான் 1967-ல ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பம் வந்துச்சு.

வைத்திக்குப்பம் கிட்டார்: டூர் இல்லாமலே 1970-ல பிரிஞ்சிட்டாங்களே?

தேவனாம்பட்டினத்தான்: அதைத்தான் நானும் சொல்றேன். ஆலன் க்ளைன் மேனேஜரா வரணும்னு குழுவுல மூணு பேர், கூடாதுன்னு நாலாவது ஆள் மெக்கார்ட்னி. பஞ்சாயத்து கோர்ட்டுக்கே போச்சு. ரோடு நட்பை உடைக்கல, காசு விவகாரம்தான் உடைச்சுது.

கடலூர் கீபோர்டு: அண்ணே, நான் மெல்லிசைக் குழுக்காரன். ஆடி மாசம் ஊர் ஊரா கச்சேரி. முடிஞ்சதும் பாடகர் செல்ஃபிக்கு நிப்பார். விடியக்காலம் வரைக்கும் கேபிள் சுத்தி, ஸ்பீக்கரை வேன்ல ஏத்துறது டிரம்மரும் நானும். பேமெண்ட்ல அவருக்குத்தான் பெரிய பங்கு. முன் சீட்டும் அவருக்கே. வெளிய பாக்க சீட்டுச் சண்டை மாதிரி இருக்கும், உள்ள இருக்கறது இந்தப் புகைச்சல்தான்.

வைத்திக்குப்பம் கிட்டார்: காசு மட்டுமில்லப்பா. பிங்க் ஃப்ளாய்டு குழு 1977-ல கனடாவுல மான்ட்ரியல்ல வாசிச்சப்ப, அவங்க பேஸ் கிட்டார்காரர் வாட்டர்ஸ் வெறுத்துப்போய் ஒரு ரசிகர் மேல துப்பிட்டார். அந்த வெறுப்புலதான் ‘தி வால்’ ஆல்பம் பிறந்தது. டூர் போகலன்னா அது ஏது?

தேவனாம்பட்டினத்தான்: சரி, அதே ‘தி வால்’ பதிவு நடக்கும்போதே கீபோர்டு வாசிச்ச ரிக் ரைட்டை வெளிய போகச் சொல்லிட்டாங்க. அப்புறம் அந்த ஆல்பத்துக்கான கச்சேரிகளுக்கு அவரே சம்பளத்துக்கு வந்து வாசிச்சார். தான் சேர்ந்து ஆரம்பிச்ச குழுவுல! எனக்கு அதை நெனச்சா இன்னைக்கும் வயிறு எரியுது. ஒண்ணு கேக்கறேன், உங்க புதுப் பாட்டுல டிரம்மர் பேர் இருக்கா?

வைத்திக்குப்பம் கிட்டார்: எழுதினது நான். தாளம் அவன் போட்டது.

கடலூர் கீபோர்டு: அப்ப பேரைப் போட்டுடுங்கண்ணே. ராயல்டியும் பிரிச்சுக் கொடுங்க.

வைத்திக்குப்பம் கிட்டார்: போடறேன், அது நியாயம்தான். ஆனா திண்டிவனம் தாண்டி ராத்திரி பூரா அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருந்தான் பாருங்க, அது இல்லாம அந்தச் சரணம் எனக்கு வந்திருக்காது. இதுல நான் மாறமாட்டேன்.