சித்தப்பாவின் கிட்டாருக்குப் பிக்கார்டு போடலாமா?

தருமபுரியிலிருந்து:

சித்தப்பா தவறி ஒரு வருஷம் ஆகிறது. போன மாதம் சித்தி அவருடைய கிட்டாரை என் கையில் கொடுத்துவிட்டார். 1970களில் ஜப்பானில் செய்த கிரெகோ கம்பெனி எலக்ட்ரிக் கிட்டார், கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் மாடல் வடிவம். பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் என்று மாரியம்மன் பண்டிகைக் கச்சேரிகளில் ராத்திரி ராத்திரியாக வாசித்தது. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அதில் பிக்கார்டு, அதாவது கம்பியை மீட்டும் பிக் உடலைக் கீறாமல் காக்கும் தகடு, இல்லை. எப்போதோ இருந்திருக்கிறது. நெக் பக்கத்து பிக்அப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) ஒட்டி ஒரு ஓட்டை, தகட்டைத் தாங்கும் பிராக்கெட் பிடிக்க விளிம்பில் இன்னொரு ஓட்டை. மெல்லிய கம்பிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கீறலாகக் கிடக்கிறது. எல்லாம் சித்தப்பாவின் பிக்கும் நகமும் போட்டவை.

புதுசாக ஒன்று வாங்கி மாட்டலாமா, அப்படியே விடலாமா? மாட்டினால் அவர் கைபட்ட இடம் மறைந்துவிடுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. யாராவது இதே நிலையில் இருந்திருந்தால் சொல்லுங்கள்.

ஓசூரிலிருந்து:

அண்ணா, எது செஞ்சாலும் ஒட்டுற ஷீட் மட்டும் வேண்டாம். நான் பட்டேன். பெங்களூர்ல வாங்கின பழைய அமெரிக்க கிட்டார், நைட்ரோ லாக்கர்ங்கற பழைய வகைப் பூச்சு பூசினது. கீறல் விழக்கூடாதுன்னு பசை வச்ச பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டினேன். ஆறு மாசம் கழிச்சு உரிச்சப்ப லாக்கரும் கூடவே வந்துடுச்சு. அந்த லாக்கர் எப்பவுமே முழுசா இறுகாது, சில பிளாஸ்டிக், ரப்பர் பட்டாலே இளகி ஒட்டிக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஸ்டாண்டோட ரப்பர்கூட தடம் பதிக்கும். உங்க கிரெகோ அந்தக் காலத்து ஜப்பான் கிட்டார். பெரும்பாலும் பாலியூரித்தேன் மாதிரி கெட்டிப் பூச்சாத்தான் இருக்கும், கீறல் விழும், சட்டுனு மரம் வரைக்கும் போகாது. அதனால பூச்சைக் காப்பாத்த பிக்கார்டு போடணும்னு அவசியமே இல்ல.

கிருஷ்ணகிரியிலிருந்து:

என்னுடையது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்கேஸ்டர் வகை எலக்ட்ரிக் கிட்டார். அதில் போடலாமா வேண்டாமா என்ற கேள்வியே எழாது. பிக்அப், வால்யூம், சுவிட்ச் எல்லாமே பிக்கார்டில்தான் தொங்குகின்றன. 1954இல் வந்தபோது ஒற்றை அடுக்குத் தகடு, 8 ஸ்க்ரூ. 1959இல் மூன்றடுக்காக்கி 11 ஸ்க்ரூ ஆக்கினார்கள். அந்தக் காலத்து செல்லுலாய்டு (ஒரு பழைய வகை பிளாஸ்டிக்) தகடுகள் வயதாக ஆகச் சுருங்கி, ஸ்க்ரூ ஓட்டைப் பக்கம் விரிசல் விடும். லெஸ் பாலில் அந்தத் தொல்லை இல்லை, பிக்கார்டு பிராக்கெட்டில் மரத்தைத் தொடாமல் நிற்கும். வாங்குவதென்றால் பழைய செல்லுலாய்டு வேண்டாம், அது வெளிவிடும் ஆவியில் பக்கத்து உலோகம் பச்சை பூக்கும். இன்னொன்று, தையிலிருந்து பங்குனி வரை நம் ஊர்க் காற்று காய்ந்து கிடக்கும்போது உலர்ந்த துணியால் பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் ஆம்பில் (ஒலிபெருக்கியில்) படபடவென்று சத்தம் வரும். ஈரத்துணியால் துடையுங்கள்.

பென்னாகரத்திலிருந்து:

தம்பி, முப்பது வருஷம் ஆர்க்கெஸ்ட்ராவில் ரிதம் வாசித்தவன் சொல்கிறேன். எல்லோரும் பெயின்ட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அது சுண்டுவிரல் ஊன்ற ஒரு படி. வேகமான பாட்டில் வலது கை அந்தரத்தில் நின்றால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். ஒருமுறை எருது விடும் விழாக் கச்சேரிக்கு முன்னால் பிராக்கெட் உடைந்துபோய், பிக்கார்டு இல்லாமல் ஏறினேன். அன்று பூராவும் பிக் ஆழமாக இறங்கிக் கம்பியில் மாட்டிக்கொண்டே இருந்தது. சில பேருக்கு நேர்மாறாக அதுவே இடைஞ்சல். அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் வில்லி நெல்சன் பிக்கார்டு இல்லாத நைலான் கம்பி கிட்டாரை 1969இலிருந்து பிக்கால் வாசித்தே மரத்தில் ஓட்டை விழவைத்தார், அந்தக் கை அதற்குப் பழகிவிட்டது. உன் கை எதற்குப் பழகியது என்று பார். அட்டையில் வெட்டி மாட்டி வாசித்துப் பாரேன்.

தருமபுரியிலிருந்து:

அண்ணன் சொன்னபடி கல்யாணப் பத்திரிகை அட்டைகள் மூன்றை ஒட்டி, லெஸ் பால் வடிவத்தில் வெட்டி, பழைய ஓட்டைகளிலேயே மாட்டினேன். நாலு ராத்திரி வாசித்தேன். முதல் நாள் பிக் அட்டையில் டப் டப்பென்று இடித்து எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள் சுண்டுவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது. கழற்றியதும் கை எதையோ தேடியது.

போட்டுவிட்டேன். கிரீம் நிறம், பெங்களூரிலிருந்து தம்பி வாங்கி வந்தான். அதிலிருந்த ஓட்டை கிட்டாரின் ஓட்டையோடு மூன்று மில்லிமீட்டர் சேரவில்லை. உடலைத் தொடாமல் பிளாஸ்டிக்கில்தான் புது ஓட்டை போட்டேன். விளிம்பு ஓட்டை தளர்ந்திருந்தது, தீக்குச்சிச் சீவலில் மரப்பசை தடவிச் செருகியதும் ஸ்க்ரூ கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கீறல்கள் எல்லாம் அடியில் அப்படியே இருக்கின்றன. சித்தி வந்தபோது இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிக் காட்டினேன். அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மாட்டிவிடு என்றார்.