பினாங்கில் தமிழ் வழிகாட்டி கிடைப்பாரா?

அனைவருக்கும் வணக்கம். டிசம்பரில் அம்மாவுடன் பினாங்கு வருகிறேன். ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை நடந்தே பார்க்க ஆசை. 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், வாசலில் ஊதுபத்திப் புகை மண்டும் குவான் யின் என்ற சீனப் பெண் தெய்வத்தின் கோயில், 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசல் எல்லாமே கூப்பிடு தூரத்தில்தான். மாரியம்மன் கோபுரத்துக்கு மட்டும் குயின் தெருப் பக்கம் திரும்ப வேண்டுமாம்.

தமிழில் விளக்கும் வழிகாட்டி யாரையாவது தெரியுமா? சுவர் ஓவியங்களுக்கு இழுத்துக்கொண்டு ஓடாதவராக இருந்தால் நல்லது! அம்மாவுக்கு முழங்கால் வலி. நின்று நின்றுதான் நடப்பார். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிடுகிறோம். மாரியம்மன் கோயில் நடை மதியம் எத்தனை மணிக்குச் சாத்துவார்கள்? வழிகாட்டிக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம்? உள்ளூர் அன்பர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.