ஈஸ்டர் கறி: எலத்தகிரி வீட்டுக் குழு

ஓசூர் சித்தப்பா: ஞாயிறு மதியத்துக்கு 25 பேர். தவக்காலம் முழுக்கக் கறி தொடாமல் வருகிறோம், அதனால் பீஃப் ரோஸ்ட்தான். அண்ணி, குக்கரில் எட்டு விசில் விட்டு வாணலியில் வறுத்தால் சீக்கிரம் முடியுமே?

பெரியம்மா: வேண்டாம் தம்பி. குக்கரில் கறி மெத்தென்று ஆகும், ஆனால் ருசி பாதி தண்ணீரில் இறங்கிவிடும். பெரிய துண்டாகப் போட்டு, கீழேயும் மூடி மேலேயும் கங்கு வைத்து மெதுவாக வேகவிட வேண்டும். ஆயாவுக்குப் பல் இல்லை. அவரும் நம்மோடு உட்கார்ந்து அதே கறியைச் சாப்பிட வேண்டும், தனியாக ரசம் சோறு கொடுக்க எனக்கு மனசு வராது.

பர்கூர் அத்தை: எத்தனை கிலோ சொல்லட்டும் அண்ணி? தொடைக்கறியா?

பெரியம்மா: 6 கிலோ, எலும்பில்லாமல். வெந்தால் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும். தொடை வேண்டாம், வறண்டுவிடும். முன்சப்பை கேள். வெள்ளைச் சவ்வும் கொஞ்சம் கொழுப்பும் ஓடும் கறி. கடைக்காரர் சுத்தம் செய்கிறேன் என்று சவ்வைச் சீவ விடாதே. அதுதான் மணிக்கணக்கில் வெந்து கரைந்து கறியைப் பஞ்சாக்குகிறது. நான்கு துண்டு போதும். சனிக்கிழமை காலையிலேயே வாங்கி வந்துவிடு.

பெங்களூர் அண்ணன்: என்னிடம் கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருக்கிறது. 63 டிகிரி வந்தால் மாட்டுக்கறி ரெடி என்று போட்டிருக்கிறார்களே பெரியம்மா?

பெரியம்மா: அது இளங்கறிக்கு, மெல்லிய துண்டுக்குச் சரி கண்ணு. நம் ஊரில் கிடைப்பது வயதான மாட்டின் கறி. அந்தச் சூட்டில் எடுத்தால் ரப்பர்தான். 90 தாண்ட வேண்டும், தாண்டியும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்க வேண்டும். கொண்டு வா, பார்க்கலாம். நான் கம்பியைக் குத்திப் பார்ப்பேன், தடையில்லாமல் இறங்கினால் சரி.

நான்: மசாலா எப்போது தடவுவது? பப்பாளிக்காய் அரைக்கட்டுமா?

பெரியம்மா: பப்பாளி வேண்டாம். இவ்வளவு நேரம் வேகும் கறியில் அது மேல்பாகத்தைக் கூழாக்கிவிடும். சனிக்கிழமை மதியம் 70 கிராம் உப்பு, இஞ்சி பூண்டு, மஞ்சள், இடித்த மிளகு தடவி ஃபிரிட்ஜில் வை. இந்த வெயிலில் வெளியே வைக்கவே கூடாது. மிளகாய்த்தூளை இப்போது தொடாதே, கருகிக் கசந்துவிடும். கடைசியில் சாற்றில் போட்டுக்கொள்ளலாம்.

காலையில் அடி கனமான தேக்சாவில் எண்ணெய் ஊற்றி ஒவ்வொரு துண்டாக எல்லாப் பக்கமும் சிவக்கவிட வேண்டும். இதில் அவசரம் கூடாது, மணம் எல்லாம் இங்கேதான் வருகிறது. அப்புறம் 2 கிலோ சின்ன வெங்காயம், பட்டை, கிராம்பு, சோம்பு, காய்ந்த மிளகாய் அடியில் போட்டு, மேலே கறியை அடுக்கி, மைதா மாவால் மூடியை ஒட்டிவிடு. தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம், கறியே விடும். அடியில் கங்கு கம்மியாக, மூடி மேல் அதிகமாக.

ஓசூர் சித்தப்பா: எவ்வளவு நேரம்?

பெரியம்மா: ஐந்து மணி நேரம். ஏழு மணிக்கு அடுப்பில் ஏற வேண்டும். மூன்று மணி நேரம் கழித்து ஒரு தடவை திறந்து திருப்பிப் போட்டு மறுபடி மாவு ஒட்டுவேன். நடுவில் யாரும் மூடியைத் தொடக்கூடாது. பன்னிரண்டுக்குக் கங்கைத் தள்ளிவிட்டு அரைமணி நேரம் அப்படியே விட வேண்டும். உடனே வெட்டினால் சாறு ஓடிவிடும்.

பர்கூர் அத்தை: ராத்திரிப் பூசை முடிந்து படுக்கவே ஒரு மணி ஆகுமே அண்ணி.

பெரியம்மா: ஆகட்டும். நான் ஆறு மணிக்கு அடுப்பு மூட்டுகிறேன், நீ எழுந்ததும் வா. விறகு புளிய விறகு, கங்கு நின்று எரியும்.

நான்: சோறா, களியா?

பெரியம்மா: இரண்டும். ஆயாவுக்கும் எனக்கும் ராகிக் களிதான். அடியில் தேங்கும் சாற்றோடு கரைந்த வெங்காயத்தை மசித்து, துளி புளி விட்டுக் கொதிக்கவைத்தால் களிக்கு அதைவிட நல்ல குழம்பு கிடையாது.

பெங்களூர் அண்ணன்: என் மனைவி மாட்டுக்கறி சாப்பிட மாட்டாள் பெரியம்மா.

பெரியம்மா: தெரியும் கண்ணு. அவளுக்கு நாட்டுக்கோழி, தனிச் சட்டி, தனிக் கரண்டி. மருமகளிடம் சொல்லிவிடு.

பர்கூர் அத்தை: சரி அண்ணி. கறி, மைதா அரை கிலோ, சோம்பு என் பொறுப்பு. வெங்காயம் யார் உரிக்கிறீர்கள்?

ஓசூர் சித்தப்பா: நானும் பிள்ளைகளும். சனிக்கிழமை மாலையே வந்துவிடுகிறோம்.