கிரிப்டோ சூதாட்ட சைட்: ஆட்டத்துல மோசடியா, பணம் தர்றதுல மோசடியா? எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

தண்டையார்பேட்டை_நெட்சென்டர்:

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் டெலிகிராம் குரூப் வழியா கிரிப்டோ டைஸ் (எண் மேல வருமா கீழ வருமான்னு கட்டுறது), கிராஷ் (ஏறிக்கிட்டே போற மடங்கு வெடிக்கிறதுக்கு முன்னாடி பணத்தை எடுக்கிறது) ஆடுற பசங்க அதிகமாயிட்டாங்க. பணம் போனதும் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் போட, புகார் டைப் பண்ண எங்களை மாதிரி நெட் சென்டருக்குத்தான் வர்றாங்க. "சைட்டுக்காரன் ஏமாத்திட்டான்"னு எல்லாரும் ஒரே வரியில சொல்றாங்க. விசாரிச்சா ஆளுக்கு ஒரு விஷயமா இருக்கு.

ஒருத்தர் 2 மடங்கு தர்ற டைஸ்ல வரிசையா 10 தடவை தோத்திருக்கார், ஆட்டமே செட்டப்புங்கிறார். ஆனா சைட்டோட "ப்ரூவபிலி ஃபேர்" (ஆட்டம் நேர்மையான்னு நாமளே சோதிக்கலாம்ங்கிற) பக்கத்துல பச்சை டிக் விழுது. இன்னொருத்தருக்கு கணக்குல 640 யூ.எஸ்.டி.டி (ஒண்ணு ஏறக்குறைய ஒரு டாலர் மதிப்புள்ள கிரிப்டோ) காட்டுது, எடுக்கப் போனா 20 சதவீதம் வரியை முன்னாடியே கட்டுங்கிறான். இதுல எது மோசடி, எது வெறும் தோல்வி? புகார்ல என்ன எழுதணும்? ஆடினதே குத்தம்னு உள்ள தூக்கிப் போட்டுடுவாங்களோன்னு பயந்து பாதிப் பேர் ஸ்டேஷன் பக்கமே போறதில்ல. தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க. சைட் பேர் எதுவும் இங்க வேண்டாம்.

ஓட்டேரி_கணக்கு:

அந்த 10 தோல்வியை முதல்ல பார்ப்போம். 1 சதவீதம் ஹவுஸ் எட்ஜ் (சைட்டுக்குப் போற லாப விகிதம்) வச்ச டைஸ்ல, 2 மடங்கு பந்தயத்துக்கு ஜெயிக்கிற வாய்ப்பு 49.5, தோக்குற வாய்ப்பு 50.5. 0.505-ஐ பத்து தடவை பெருக்கினா ஏறக்குறைய 927-ல ஒண்ணு. அபூர்வமாத்தான் தெரியும். ஆனா ஆட்டோ-பெட் (தானாவே பந்தயம் கட்டுற வசதி) போட்டுவிட்டா 1000 பந்தயம் சீக்கிரமே ஓடிடும். 1000 பந்தயத்துக்குள்ள எங்கயாவது ஒரு இடத்துல 10 தோல்வி வரிசையா விழ 41 சதவீதம் வாய்ப்பு இருக்கு. 5000-க்குள்ளன்னா 90 சதவீதத்தைத் தாண்டிடும். இது நேர்மையா ஓடுற டைஸ்ல. தோக்கத் தோக்க ரெட்டிப்பாக்குற ஆளு 1 யூ.எஸ்.டி.டி-ல ஆரம்பிச்சா பத்தாவது தோல்வியோட 1023 காலி. அதனால வரிசைத் தோல்வியை மட்டும் வச்சு மோசடின்னு புகார் எழுதாதீங்க, நிக்காது.

மொத்த ஜெயிப்பு எண்ணிக்கையை வச்சுப் பார்க்கலாம், ஆனா அதுக்கு நிறைய டேட்டா வேணும். 1000 பந்தயத்துல 495 ஜெயிப்பு எதிர்பார்ப்பு, 463-லிருந்து 527 வரைக்கும் சாதாரண ஏற்ற இறக்கம். 448-க்குக் கீழே போனாத்தான் சந்தேகப்படணும். சைட் வெறும் 1 சதவீதம் கூடுதலா ஆட்டையப் போட்டா, அதை உறுதியாப் பிடிக்க 22,500 பந்தயமாவது வேணும். அதனால ஹிஸ்டரியை சி.எஸ்.வி ஃபைலா இறக்கி, பந்தயத் தொகை வாரியாப் பிரிங்க. சின்னத் தொகையில 49 சதவீதமும் பெரிய தொகையில 42 சதவீதமும் வந்தா, அது வெறும் வரிசைத் தோல்வியை விட எவ்வளவோ வலுவான தடயம்.

இனி சீடு, அதாவது ஆட்ட முடிவைக் கணக்கிட உள்ளே போடுற எழுத்துத் தொடர். சைட் ஒரு ரகசிய சர்வர் சீடை வச்சுக்கிட்டு, அதோட ஷா-256 ஹாஷை (கைரேகை மாதிரி ஒரு கோடு, அதை வச்சு மூலத்தைக் கண்டுபிடிக்க முடியாது) மட்டும் முன்கூட்டியே காட்டும். சீல் வச்ச கவரை டேபிள் மேல வைக்கிற மாதிரி. ஆடுறவர் கிளையன்ட் சீடு கொடுக்கிறார், ஒவ்வொரு பந்தயத்துக்கும் நான்ஸ் (பந்தய வரிசை எண்) ஒண்ணு கூடும். சர்வர் சீடை சாவியா வச்சு, கிளையன்ட் சீடையும் நான்ஸையும் ஹெச்மேக் ஷா-256-ல போட்டா வர்ற ஹாஷ்லருந்துதான் டைஸ் எண் பிறக்குது.

ஒரு பொதுவான முறை: ஹாஷோட முதல் 8 எழுத்து 80400000-னு வச்சுக்கோங்க. ரெண்டு ரெண்டா வெட்டினா 80, 40, 00, 00. ஹெக்ஸ்லருந்து (16-அடிமான எண்) சாதாரண எண்ணா மாத்தினா 128, 64, 0, 0. 128-ஐ 256-ஆல வகுத்தா 0.5. 64-ஐ 65,536-ஆல வகுத்தா 0.0009765625. கூட்டி 10,001-ஆல பெருக்கினா 5010.27 கிட்ட வரும். தசமத்தை வெட்டிட்டு 100-ஆல வகுத்தா டைஸ் 50.10. "50.50-க்கு மேல"ன்னு பந்தயம் கட்டியிருந்தா தோல்வி. சைட்டுக்கு சைட் சூத்திரம் கொஞ்சம் மாறும், அதை அவங்க பக்கத்திலேயே எழுதியிருக்கணும். எழுதலைன்னா "ப்ரூவபிலி ஃபேர்"ங்கிறது வெறும் போர்டு.

பச்சை டிக்கை நம்பவே நம்பாதீங்க. அதே சைட்டோட பக்கம், அது என்ன வேணாலும் காட்டும். செய்ய வேண்டியது இது: சர்வர் ஹாஷை முதல்ல காப்பி பண்ணி வெளியே சேமிக்கணும். அதுக்கப்புறம்தான் கிளையன்ட் சீடை சொந்தமா மாத்தணும். இந்த வரிசை ரொம்ப முக்கியம். சைட் கொடுத்த கிளையன்ட் சீடோடயே ஆடினா, அவன் ஆயிரம் சர்வர் சீடைப் போட்டுப் பார்த்து, நமக்குத் தோல்வி அதிகமா வர்ற ஒண்ணை எடுத்து வச்சிருக்க முடியும். ஹாஷ் பொருந்தும், டிக் விழும், ஆட்டம் மட்டும் கள்ள ஆட்டம். கிளையன்ட் சீடை மாத்தவே விடாத சைட்டுன்னா பேச்சே வேண்டாம்.

ஆடி முடிச்சதும் சீடை ரொட்டேட் பண்ணா (புதுசுக்கு மாத்தினா) பழைய சர்வர் சீடு வெளியே வரும். அதை பைத்தான்ல ஹாஷ்லிப், ஹெச்மேக் ரெண்டையும் வச்சு நெட்டை அணைச்சுட்டே சோதிக்கலாம். பொருந்தலைன்னா உடனே மோசடின்னு கத்த வேண்டாம், மூணு இடத்துல தப்பு நடக்கும். சீடை எழுத்தா எடுக்கணுமா, ஹெக்ஸ் பைட்டா மாத்தி எடுக்கணுமாங்கிறது ஒண்ணு. காப்பி பண்றப்போ கடைசியில ஒரு ஸ்பேஸோ புது வரியோ ஒட்டிக்கிறது ரெண்டாவது; லினக்ஸ்ல எக்கோ கமாண்ட் தானாவே புது வரி சேர்க்கும், மைனஸ் என் (-n) போட்டுத்தான் ஓட்டணும். நான்ஸ் 0-ல ஆரம்பிக்குதா 1-லயாங்கிறது மூணாவது. இதெல்லாம் சரி பண்ணியும் பொருந்தலைன்னா அதுதான் ஆதாரம். நான்ஸ் வரிசையில ஓட்டை இருக்கான்னும் பாருங்க. 57-க்கு அடுத்து 59 வந்தா, 58-ல நாம ஜெயிச்சிருக்க வேண்டிய பந்தயத்தை முழுங்கியிருக்கலாம்.

ஸ்லாட், லைவ் டேபிளுக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் கிடையாது. பெரிய கம்பெனி ஸ்லாட்டோட திருட்டு காப்பியை மோசடி சைட்டுகள் சொந்த சர்வர்ல ஓட்டும். பிரவுசர்ல டெவலப்பர் டூல்ஸ் திறந்து நெட்வொர்க் டேப்ல கேம் எந்த டொமைன்லருந்து வருதுன்னு பாருங்க. விளையாட்டைத் தயாரிச்ச கம்பெனிக்கு சம்பந்தமே இல்லாத டொமைன்னா சந்தேகம் பலமாகுது.

ராயபுரம்_லெட்ஜர்:

மேலே சொன்ன கணக்கு பொன்னு. ஆனா அந்த 640 யூ.எஸ்.டி.டி விஷயத்துல டைஸை சோதிக்கவே தேவையில்ல. பணம் எடுக்க பணம் கட்டச் சொன்னா அது மோசடிதான், வேற விளக்கமே கிடையாது. வரி பிடிக்கிறதா இருந்தா தர்ற பணத்துலயே கழிச்சுக்கிட்டுத் தருவாங்க. அரசாங்கத்துக்கான வரி டெலிகிராம்ல அனுப்புற வாலட் முகவரிக்குப் போகாது. நெட்வொர்க் கட்டணமும் இருக்கிற பேலன்ஸ்லருந்துதான் கழியும். கட்டினவருக்கு அடுத்து "ஆன்ட்டி மணி லாண்டரிங் டெபாசிட்", அதுக்கடுத்து "வி.ஐ.பி அப்கிரேட்"னு பேர் மாத்தி மாத்திக் கேட்பான். தயவுசெய்து அவரை ஒரு ரூபாய் கூட அனுப்ப விடாதீங்க. திரையில இருக்கிற 640 வெறும் எண், அதுக்குப் பின்னாடி காசே இல்ல.

உண்மையா பணம் தர்ற சைட்டும் போனஸை வச்சு மாட்டிவிடும். 100 யூ.எஸ்.டி.டி போனஸுக்கு 40 மடங்கு வேஜரிங் (பணம் எடுக்கிறதுக்கு முன்னாடி கட்டி ஆட வேண்டிய அளவு)னா 4000-க்கு ஆடணும். 4 சதவீதம் எட்ஜ் உள்ள ஸ்லாட்ல அதுக்கான எதிர்பார்ப்பு நஷ்டம் 160, போனஸை விட அதிகம். நடுவுல ஒரே ஒரு பந்தயம் அனுமதிச்ச உச்சத் தொகையைத் தாண்டிட்டா மொத்தத்தையும் பறிச்சுக்குவாங்க. இது அநியாயம்தான், ஆனா விதிமுறையில எழுதி வச்சிருப்பாங்க. டெபாசிட் போட்ட தேதிக்கு இருந்த விதிமுறைப் பக்கம் இணைய ஆர்க்கைவ்ல (பழைய பக்கங்களைச் சேமிச்சு வைக்கிற தளம்) கிடைக்குதான்னு தேடுங்க. பின்னாடி மாத்தியிருந்தா அது நமக்கு ஆதாரம்.

பணம் போன தடத்தைப் பிடிக்கிறது எப்படின்னா, நம்ம ஊர்ல பெரும்பாலும் டி.ஆர்.சி-20 (ட்ரான் நெட்வொர்க்ல ஓடுற) யூ.எஸ்.டி.டி. முகவரி ஆங்கில 'டி' எழுத்துல ஆரம்பிச்சு 34 எழுத்து, பரிவர்த்தனை ஹாஷ் 64 எழுத்து. ட்ரான்ஸ்கேன்ல (ட்ரான் பரிவர்த்தனைகளை எல்லாருக்கும் காட்டுற தளம்) அந்த ஹாஷைப் போட்டா டெபாசிட் முகவரியும், அங்கிருந்து எங்க போச்சுங்கிறதும் தெரியும். பணம் ஒரு பெரிய எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விக்கிற கம்பெனி) பேர் போட்ட முகவரிக்குள்ள போய் நின்னா அந்த இடத்தைக் குறிச்சுக்கோங்க. போலீஸ் நோட்டீஸ் போக வேண்டிய இடம் அதுதான், அந்தக் கணக்குக்காரனோட கே.ஒய்.சி அங்கே இருக்கும். யூ.எஸ்.டி.டி-யை வெளியிடுற டெதர் கம்பெனியால முகவரியை முடக்கவும் முடியும், ஆனா போலீஸ் கேட்டாத்தான். நாம மெயில் போட்டா நடக்காது.

"உனக்கு அனுப்பிட்டோம்"னு ஸ்கிரீன்ஷாட் காட்டினா காண்ட்ராக்ட் முகவரியை (அந்த டோக்கனோட அடையாள முகவரி) பாருங்க. யூ.எஸ்.டி.டி-ங்கிற அதே பேர்ல போலி டோக்கனை யார் வேணாலும் உருவாக்கலாம். டெதர் சைட்ல போட்டிருக்கிற முகவரியோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும்.

தண்டையார்பேட்டை_நெட்சென்டர்:

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணே. 640 காரரைத் தடுத்து நிறுத்தியாச்சு. இன்னொண்ணு: கிராஷ் எப்ப வெடிக்கும்னு முன்கூட்டியே சொல்ற ஆப்புன்னு ஏ.பி.கே ஃபைல் 2,000 ரூபாய்க்கு விக்கிறாங்க. அதுல ஏதாவது உண்மை இருக்கா?

ஓட்டேரி_கணக்கு:

துளியும் இல்ல. நல்லபடியா அமைச்ச கிராஷ் ஆட்டத்துல லட்சக்கணக்கான ஹாஷை சங்கிலியா முன்னாடியே தயாரிச்சு, கடைசியிலருந்து பின்னோக்கி ஒவ்வொண்ணா எடுத்து ஆடுவாங்க. இந்த ரவுண்டோட ஹாஷை ஷா-256-ல போட்டா போன ரவுண்டோட ஹாஷ் வரணும். அப்படி வரலைன்னா சங்கிலி அறுந்திருக்கு, சைட் கை வச்சிருக்கு. ஆனா போன ரவுண்டை வச்சு அடுத்ததைக் கண்டுபிடிக்க ஷா-256-ஐத் திருப்பி ஓட்டணும், அது யாராலும் முடியாது. 1 சதவீத எட்ஜ்ல 2 மடங்கைத் தொடுற வாய்ப்பு 49.5 சதவீதம், 10 மடங்கை 9.9 சதவீதம், எந்த ஆப் போட்டாலும் மாறாது.

அந்த ஏ.பி.கே போனுக்குள்ள வந்தா எஸ்.எம்.எஸ் படிக்க, அக்சஸிபிலிட்டி (திரையைப் பார்த்து இயக்குற) அனுமதி கேட்கும், அங்கிருந்து ஓ.டி.பி போகும். போட்டவங்க இருந்தா நெட்டை அணைச்சு, வேற போன்லருந்து பேங்க் பாஸ்வேர்டை மாத்தி, போனை ஃபேக்டரி ரீசெட் பண்ணச் சொல்லுங்க. "வாலட் கனெக்ட்" கொடுத்து அப்ரூவ் அழுத்தியிருந்தா அந்த அனுமதியை ட்ரான்ஸ்கேன்லயே ரத்து பண்ணலாம். வாலட்டோட ரகசிய 12 இல்ல 24 வார்த்தையை எங்கயாவது டைப் பண்ணியிருந்தா ரத்து பண்ணிப் பிரயோஜனமில்ல. மிச்சம் இருக்கிறதை உடனே புது வாலட்டுக்கு மாத்தணும்.

பாரிமுனை_குமாஸ்தா:

சட்ட விஷயம். தமிழ்நாடு அரசோட 2022-ம் வருஷத்து ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் அமல்ல இருக்கு. 2023 நவம்பர்ல ஐகோர்ட் ரம்மி, போக்கர் விஷயத்துல மட்டும் விலக்கு சொல்லுச்சு. டைஸ், கிராஷ் ரெண்டும் அதிர்ஷ்ட ஆட்டம், தடை அப்படியே நிக்குது. அந்தச் சட்டத்துல ஆடினவருக்கும் 3 மாசம் வரை சிறை, இல்லைன்னா 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும்னு இருக்கு. 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டம் ஆடுறவரைத் தண்டிக்கல. நடத்துறவனுக்கு 3 வருஷம் வரை சிறை, 1 கோடி வரை அபராதம். பயம் நியாயம்தான். அதனால பெரிய தொகைன்னா முதல்ல ஐகோர்ட் வளாகத்துல இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவசமா ஆலோசனை கேட்கச் சொல்லுங்க, போன் 15100. ஆனா அதுக்காக 1930-க்கு (சைபர் மோசடி உதவி எண்) போன் பண்றதைத் தள்ளிப் போடாதீங்க. பணம் பேங்க் கணக்குல இருக்கிற வரைக்கும்தான் அவங்களால பிடிச்சு நிறுத்த முடியும்.

"நான் ஜெயிச்ச 640 தரல"ன்னு எழுதினா ஒண்ணும் நடக்காது. 1872 ஒப்பந்தச் சட்டம் 30-வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயிச்ச பணத்தைக் கேட்டு வழக்கே போட முடியாது. எழுத வேண்டியது, பொய் சொல்லி கையிலருந்து வாங்கின பணத்தை: எந்தத் தேதி, எந்த யூ.பி.ஐ ஐ.டி, 12 இலக்க யூ.டி.ஆர் (பரிவர்த்தனை) எண், யார் பேர்ல, என்ன பொய் சொன்னாங்க. அது பி.என்.எஸ் (ஐ.பி.சி-க்குப் பதிலா வந்த குற்றவியல் சட்டம்) 318 மோசடிக்குள்ள வரும். சூதாட்ட சைட்டுங்கிறதை மறைக்கவும் கூடாது, பின்னாடி மொத்தப் புகாரும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

யூ.பி.ஐ பணம் யாருக்குப் போச்சுங்கிறதைக் கவனமாப் பிரிங்க. எக்ஸ்சேஞ்ச் ஆப்ல பி-டு-பி-யில (ஆளுக்கு ஆள் நேரடியா) யூ.எஸ்.டி.டி வாங்கி, அது வாலட்டுக்கு ஒழுங்கா வந்துட்டா, வித்தவர் திருடன் இல்ல. அவரைப் புகார்ல சேர்த்தா ஒரு சம்பந்தமில்லாத ஆளோட கணக்கு முடங்கும், விசாரணையும் தப்பான பக்கம் போகும். டெலிகிராம் ஏஜென்ட் நேரா கொடுத்த யூ.பி.ஐ ஐ.டி-ன்னா, அதுதான் முதல் வரியில வரணும்.

1930-ல கொடுத்ததும் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்-ல பதிவு பண்ணி, ஒப்புகை எண்ணை எடுத்துக்கிட்டு ஏரியா ஸ்டேஷனுக்கோ வேப்பேரி கமிஷனர் ஆபீஸ் சைபர் பிரிவுக்கோ போகலாம். "எல்லை எங்களது இல்ல"ன்னு சொன்னா ஜீரோ எஃப்.ஐ.ஆர் (எல்லை பார்க்காம எந்த ஸ்டேஷன்லயும் பதியுறது) கேளுங்க. ஆதார், பான் காப்பி கொடுத்திருந்தா ஆதார் பயோமெட்ரிக்கை லாக் பண்ணுங்க, அவர் பேர்ல வேற சிம் இருக்கான்னு சஞ்சார் சாத்தில (மத்திய அரசோட தொலைத்தொடர்பு தளம்) பாருங்க, கடன் எடுத்திருக்கான்னு சிபில் ரிப்போர்ட் எடுங்க. புகாருக்கு அப்புறம் "மீட்டுத் தர்றோம்"னு வர்ற ஆளும் பெரும்பாலும் அதே கும்பல்தான். ராத்திரியில ஒருத்தர் ஒடிஞ்சுபோய் உங்க சென்டர்ல உட்கார்ந்திருந்தா, டெலி மானஸ் (அரசு மனநல உதவி எண்) 14416-க்கு நீங்களே போன் போட்டுக் கொடுங்க, தமிழ்லயே பேசுவாங்க.

தண்டையார்பேட்டை_நெட்சென்டர்:

ரொம்ப நன்றி சார். டெலிகிராம் சாட்டை ஸ்கிரீன்ஷாட்டா கொடுத்தாப் போதுமா? அப்புறம் ட்ரான்ஸ்கேன்ல காட்டுற நேரமும் பேங்க் ஸ்டேட்மென்ட் நேரமும் ஒத்துப் போகல.

ராயபுரம்_லெட்ஜர்:

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. டெலிகிராம் டெஸ்க்டாப்ல அந்த சாட்டைத் திறந்து "எக்ஸ்போர்ட் சாட் ஹிஸ்டரி" கொடுத்தா தேதி, நேரத்தோட முழுசா இறங்கும். முதல்ல அதைப் பண்ணுங்க, அவன் ரெண்டு பக்கமும் அழிச்சுட்டா ஒண்ணும் மிஞ்சாது. ஏஜென்ட்டோட யூசர்நேமோட, மாறாத எண் ஐ.டி-யையும் எழுதி வைங்க; பேரையும் யூசர்நேமையும் நாளைக்கே மாத்திடுவான். அந்த போன்ல இருக்கிற சாட்டையும் அழிக்க வேண்டாம், போலீஸ் மூல போனைக் கேட்பாங்க.

நேரம் ஒத்துப் போகாதது யூ.டி.சி-யால (உலகப் பொது நேரம்). ட்ரான்ஸ்கேன்ல யூ.டி.சி-யா உள்ளூர் நேரமான்னு மாத்தற வசதி இருக்கு. யூ.டி.சி-ன்னா 5 மணி 30 நிமிஷம் கூட்டணும். ராத்திரி 11.10-னு யூ.டி.சி-யில இருந்தா நமக்கு அது மறுநாள் விடிகாலை 4.40, தேதியே மாறிடும். புகார்ல ரெண்டு நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல டைப் பண்ணி, எது எந்த நேரம்னு எழுதிக் கொடுங்க.