ரப்பர் கோட்டிங் அடித்த பிறகு ஒழுகல் கூடிவிட்டது, மழையே இல்லாமல் சொட்டுகிறது. உதவி தேவை

மடிப்பாக்கம் மாடிவீடு:
வணக்கம். அப்பா 1994-ல் கட்டிய வீடு. மொட்டை மாடி 600 சதுர அடி, கான்கிரீட் மேல் ஜல்லி சுண்ணாம்பு (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்தது) போட்டு, அதற்கு மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பதித்தது. போன வருடம் வரை பெருமழைக்கு மட்டும் ஹால் கூரையில் ஒரு ஈரத்திட்டு தெரியும், அவ்வளவுதான். செப்டம்பர் கடைசியில் ஒருவரைப் பிடித்து வெள்ளை ரப்பர் கோட்டிங் அடிக்கச் சொன்னேன், அவரும் இரண்டு நாள் பெய்த மழை விட்ட மறுநாளே வந்து, துடைப்பத்தால் பெருக்கிவிட்டு, ஒரே நாளில் இரண்டு கோட் முடித்துப் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது பொங்கல் முடிந்து பத்து நாள் ஆகிறது, மழையே கிடையாது, ஆனால் டிவிக்கு மேலே சொட்டுகிறது. ஒரு இடத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. மாடியில் அங்கங்கே பூரி மாதிரி உப்பல், வெயில் ஏற ஏற இன்னும் உப்புகிறது. அதன் மேலேயே இன்னொரு 20 லிட்டர் வாளி வாங்கி அடித்துவிடலாமா? கடைக்காரர் தாராளமாக அடிக்கலாம் என்கிறார்.

பெயின்ட் வேலைக்காரன்:
கடைக்காரர் வேறென்ன சொல்வார் சார். அடிக்காதீர்கள். முதலில் ஒரு உப்பலைக் கத்தியால் கிழித்து உள்ளே காற்றா தண்ணீரா என்று பாருங்கள், உரிந்த தோலின் அடிப்பக்கத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்றும் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை வாளி அடித்தார்?

மடிப்பாக்கம் மாடிவீடு:
கிழித்தேன். அரை டம்ளர் தண்ணீர் வந்தது! தோலின் அடியில் செங்கல் நிறத்தில் தூள், கொஞ்சம் பாசி. ஒரே ஒரு 20 லிட்டர் வாளிதான், அதிலும் தண்ணீர் கலந்தார்.

ஓய்வுபெற்ற சிவில்:
தம்பி, அந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். 600 சதுர அடி சுமார் 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டரைப் பரப்பினால் 1 மில்லிமீட்டர் கனம் வரும். உங்கள் 20 லிட்டர் முழுவதும் சேர்ந்து ஈரத்திலேயே 0.36 மி.மீ.தான், காய்ந்தபின் 0.2 தேறினால் அதிகம். ரப்பர் மாதிரி இழுபட வேண்டியது பெயின்ட் மாதிரி ஆகிவிட்டது.

அதைவிடப் பெரிய தப்பு ஈரம். ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஜல்லி சுண்ணாம்பு ஒரு பஞ்சு. மழைத் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், முன்பெல்லாம் அது ஓட்டு இடுக்கு வழியாக வெயிலில் ஆவியாகிவிடும். நீங்கள் பஞ்சு நனைந்திருக்கும்போதே மூடி போட்டுவிட்டீர்கள். இனி அது மேலே போக முயன்றால் உப்பல், கீழே போனால் டிவி. கம்பி தெரியும் இடத்துக்கு அடியில் யாரும் உட்கார வேண்டாம்.

வேளச்சேரி அக்கா:
சார் சொல்வது சரி, ஆனால் மழை நின்று இத்தனை நாளான பிறகும் தினமும் சொட்டுகிறது என்றால் எனக்கு வேறு சந்தேகம். டிவிக்கு நேர் மேலே மாடியில் என்ன இருக்கிறது? தண்ணீர் டேங்க் இருந்தால் அதைக் காலி செய்து இரண்டு ராத்திரி விட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் இதே மாதிரி கூரையைக் குறை சொல்லியே ஒரு வருடம் ஓட்டினோம்.

மடிப்பாக்கம் மாடிவீடு:
அக்கா, நீங்கள் சொன்னதுதான். டேங்க் மேடை அங்கேதான் இருக்கிறது. காலி செய்த மூன்றாம் நாள் சொட்டு பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. மேடைக்கு அடியில் ஒரு எல்போ (குழாய் வளைவு) கசிந்து, தண்ணீர் நேராகக் கோட்டிங்குக்கு அடியில் போயிருக்கிறது. பிளம்பர் மாற்றிவிட்டார். கோட்டிங் அடித்தவர் போனே எடுப்பதில்லை. அடுத்து என்ன செய்ய?

ஓய்வுபெற்ற சிவில்:
அவசரப்படாதீர்கள், பங்குனி வரை நேரம் இருக்கிறது. உப்பிய இடமெல்லாம் உரித்து எடுங்கள், டேங்க் ஓரம் நாலைந்து தட்டோடுகளைப் பெயர்த்து விடுங்கள், ஜல்லி காயட்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள், அடியில் வியர்த்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளம் இருந்தால் முதலில் வாட்டம் சரி செய்யுங்கள், ஏனென்றால் நீங்கள் அடித்த இந்த அக்ரிலிக் வகைக் கோட்டிங் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தால் இளகும். கீழே ஹாலில் கம்பியை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு தடுப்புப் பூச்சு கொடுத்து, ஈரம் முழுவதும் காய்ந்த பிறகு காரை பூசலாம்.

பெயின்ட் வேலைக்காரன்:
அடிக்கும்போது கூட நின்று பாருங்கள். பாசியை வயர் பிரஷ் போட்டுச் சுரண்டிக் கழுவி, காயவிட்டு, ஓட்டு இடுக்குகளை அடைத்த பிறகுதான் பிரைமர், அதாவது அடிப்பூச்சு. தண்ணீர் கலப்பது அந்த பிரைமர் கோட்டுக்கு மட்டும், அதுவும் வாளியில் போட்டிருக்கும் அளவுக்கு. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் சாய்வாகப் பூசி, அங்கேயும் குழாய் இறங்கும் இடத்திலும் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலையைப் பதிக்க வேண்டும், கோட்டிங்கைச் சுவரில் ஒரு அடியாவது ஏற்ற வேண்டும். இரண்டாவது கோட் முதல் கோட்டுக்குக் குறுக்கே, மறுநாள். உச்சி வெயிலில் அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து மறுபடியும் பூரிதான், காலையில் பனி உலர்ந்ததும் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

குரோம்பேட்டை புதுசு:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எங்களிடம் இதே கோட்டிங் அரை வாளி மீதி இருக்கிறது, கீழே சம்ப் உள்ளே அடிக்கலாமா?

பெயின்ட் வேலைக்காரன்:
வேண்டவே வேண்டாம். குடிதண்ணீர்த் தொட்டிக்கு என்று டப்பாவில் எழுதியிருக்கும் சிமென்ட் கலந்த பூச்சு தனியாக வருகிறது, அதை வாங்குங்கள். மீதியை சன்ஷேடுக்கு மேல் அடியுங்கள்.

மடிப்பாக்கம் மாடிவீடு:
எல்லோருக்கும் நன்றி. இந்தத் தடவை வாளி எண்ணி வாங்குகிறேன். அம்மா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: மாசியில் மாடியில் வடாம் போடலாமா, இல்லை அதுவும் கூடாதா?

வேளச்சேரி அக்கா:
தாராளமாகப் போடச் சொல்லுங்கள், பெயர்த்த ஓட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம். போடுவதற்கு முன்னால் மாடியைக் கழுவுகிறேன் என்று இரண்டு குடம் ஊற்றிவிடப் போகிறார், அதைத் தடுங்கள்.